கூரை நிற்காத அட்டை ஸ்டேஷன்

அளவு ரவிக்கை இல்லாமல் நான் யாருக்கும் தைத்துக் கொடுத்ததில்லை. "உத்தேசமா தைச்சுடுங்கக்கா, நான் பிடிச்சுக்கிறேன்" என்று வருகிறவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். உத்தேசமாகத் தைத்தால் அக்குளில் இழுக்கும். அப்புறம் என் கை சரியில்லை என்று தெருவெல்லாம் பேச்சாகிவிடும். அப்படிப்பட்ட நான் போன ஆவணியில், கையில் ஒரு போட்டோகூட இல்லாமல், நினைவை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு ரயில்வே ஸ்டேஷனைப் பழைய அட்டையில் கட்ட ஆரம்பித்தேன்.

என் வீட்டுக்காரருக்காகத்தான். அவர் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பொங்கல் கழிந்த மூன்றாம் நாள் காலையில் பல் தேய்க்கப் போனவர் குழாயடியிலேயே உட்கார்ந்துவிட்டார். பக்கவாதம். தஞ்சாவூரில் பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, மயிலாடுதுறைக்கு வீட்டுக்கு அழைத்து வந்தோம். கால் மெதுவாகத் தேறியது. வலது கை பாதி தேறியது. பேச்சு மட்டும் ஒரே ஒரு வார்த்தையில் வந்து நின்றுவிட்டது. "சரி."

"சாப்பிடுறீங்களா?" சரி. "வலிக்குதா?" சரி. "ஃபேனை நிறுத்தவா?" சரி. நிறுத்தினால் கண்ணை உருட்டிக்கொண்டு இன்னும் பலமாகச் "சரி, சரி!" அவருக்கு எல்லாம் புரிகிறது, சொல்லவும் தெரிகிறது, வாய்க்கு வருகிற வழியில்தான் அடைப்பு என்று டாக்டர் விளக்கினார். வாய்க்காலில் அடைப்பு என்றால் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போகலாம். இதற்கு என்ன எடுத்துக்கொண்டு போவது என்று எனக்குத் தெரியவில்லை.

நான் காத்துக்கொண்டிருந்தது ஒரே ஒரு வார்த்தைக்கு. கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "இந்தா" என்பார். இந்தா, துண்டு எங்க. இந்தா, கதவைச் சாத்து. எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. எனக்கென்று பெயர் இல்லையா என்று எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறேன். இப்போது அந்த "இந்தா" ஒருமுறை வந்தால் போதும் என்று இருந்தது. பங்குனி போயிற்று, ஆனி போயிற்று, வரவில்லை.

வாரத்துக்கு இரண்டு நாள் ஸ்கூட்டரில் ஒரு பெண் வந்து அவருக்கு உடற்பயிற்சி கொடுத்துவிட்டுப் போவாள். அவள்தான் சொன்னாள், "கைக்கு வேலை குடுங்கம்மா. கிழிக்கிறது, மடிக்கிறது, ஒட்டுறது, எதுவா இருந்தாலும் சரி. பிடிச்ச வேலையா இருந்தா பேச்சும் கூடவே வரலாம்."

"அவருக்குப் பிடிச்சது ஸ்டேஷன் ஒண்ணுதான்."

"அப்ப ஸ்டேஷனைக் கட்டுங்க," என்று சிரித்துவிட்டு அவள் ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.

அவள் விளையாட்டாகச் சொன்னாள். நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டில் அட்டைக்குப் பஞ்சமே இல்லை. சென்னையில் இருக்கிற எங்கள் மகள், நேரில் வர முடியாத குறைக்கு, தினம் ஏதாவது ஒன்றைப் பார்சலில் அனுப்பிக்கொண்டே இருந்தாள். ஒரு சோப்பு வரும், அதற்கு ஒரு மரக்கால் நெல் கொள்ளுகிற அளவுக்குப் பெட்டி. மருந்துப் பெட்டிகள் தனி. என் ரவிக்கைத் துணிகள் வருகிற பெட்டிகள் தனி. பழைய பேப்பர்காரரிடம் இனிமேல் அட்டை கிடையாது என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் விழுந்துவிட்டது.

எந்த ஸ்டேஷன் என்று யோசிக்கவே இல்லை. அவர் வேலை பார்த்த ஆறேழு ஊர்களில், மயிலாடுதுறைக்குத் தெற்கே மீட்டர்கேஜ் பாதையில் இருந்த ஒரு சின்ன ஸ்டேஷனில்தான் அதிகமாக, பதினோரு வருஷம் இருந்தோம். ஸ்டேஷனுக்குப் பின்பக்கம் எங்கள் குவார்ட்டர்ஸ். அந்த இடத்தைப் பற்றி உருகிப் பேச என்னிடம் ஒன்றும் கிடையாது. மூன்று பக்கமும் வயல். மழைக்காலத்தில் வீட்டுக்குள் தவளை, தவளையைத் தேடிக்கொண்டு பாம்பு. ரவிக்கை தைக்கக் கொடுக்க வேண்டுமென்றால் சேற்று வரப்பில் நடந்து வர வேண்டும், அதனால் யாரும் வர மாட்டார்கள். அகலப்பாதை வந்தபோது அந்தக் கட்டடத்தை இடித்துவிட்டார்கள். இடித்தபோது நான் வருத்தப்படவில்லை.

ஆனால் கட்டடம் எனக்கு மனப்பாடம். என் சமையலறை ஜன்னலைத் திறந்தால் நேர் எதிரே ஸ்டேஷன் மாஸ்டர் அறையின் பின் ஜன்னல்தான். நடுவில் ஒரு பூவரச மரம், ஒரு குழாய், அவ்வளவுதான். அவர் போனில் பேசுவது வார்த்தை வார்த்தையாகக் கேட்கும். அடுத்த ஸ்டேஷனைக் கூப்பிட்டு "லைன் கிளியர்" கேட்பார். பாதை காலியாக இருக்கிறது, வண்டியை விடலாம் என்று அந்தப் பக்கத்து ஸ்டேஷன் மாஸ்டர் சம்மதம் சொல்லி, அடையாளத்துக்கு ஒரு நம்பர் கொடுப்பார். இவர் அந்த நம்பரைத் திருப்பிச் சொல்லி எழுதிக்கொள்வார். அந்தச் சம்மதம் வராமல் வண்டி ஓர் அடி நகராது. அடுத்த ஸ்டேஷனோடு பேசுகிறபோது அவர் குரலில் ஒரு மரியாதை, ஒரு பொறுமை இருக்கும். வீட்டுக்கு வந்தால் "இந்தா, சோறு". அடுத்த ஸ்டேஷன் மேல் எனக்குப் பொறாமை இருந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். இருந்தது.

குடித்தனம் போன முதல் நாளே அவர் ஒரு சட்டம் போட்டார். "இந்தா, ஆபீஸ் ரூமுக்குள்ள மட்டும் வராத. அங்க வீடு கிடையாது." மற்ற ஸ்டேஷன்களில் மாஸ்டர் வீட்டுப் பெண்கள் உள்ளே போய் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு வருவதைப் பார்த்திருக்கிறேன். நான் போகவில்லை. காபியைப் பின் ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு ஒரு தட்டுத் தட்டுவேன். அவர் கை வந்து எடுத்துக்கொள்ளும். பதினோரு வருஷத்தில் அந்த நிலைப்படியை நான் தாண்டியதே கிடையாது. ரோஷந்தான்.

வேலையை என் வழக்கப்படியே தொடங்கினேன். தையல் வகுப்பில் நோட்டில் வரைகிறபோது அளவைச் சுருக்கித்தான் வரைவோம். அதே போல ஓர் அடிக்குக் கால் அங்குலம் என்று வைத்துக்கொண்டேன். டேப்பும் சாக்கட்டியும் கத்தரிக்கோலும் இருந்தன. செய்தித்தாளில் முதலில் வெட்டிப் பார்த்து, பிறகு அட்டையில் வைத்து வெட்டினேன். பழக்க தோஷத்தில் நான்கு பக்கமும் தையலுக்கு அரை அங்குலம் விட்டு வெட்டிவிட்டேன். அது ஒட்டுவதற்கு மடிப்பாக உதவியது.

அவரைக் கட்டிலுக்குப் பக்கத்தில் மேஜை போட்டு உட்கார வைத்தேன். இடது கையால் பிடிப்பார். வலது கையை நான் எடுத்து ஒட்டிய இடத்தின் மேல் வைப்பேன், காயும் வரை அது அழுத்திக்கொண்டிருக்கும். நாள் போகப் போக அந்தக் கை தானாகவே வந்து அழுத்தியது. பெட்டி அட்டையைத் தண்ணீரில் நனைத்து மேல் தாளை உரித்தால் உள்ளே வரிவரியாக இருக்கும். அது அச்சு அசலாக ஓட்டுக் கூரை. ஊதுவத்திப் பெட்டியில் பெஞ்சு. ஐஸ் குச்சியில் கைகாட்டி, அதற்கு விளக்காக என் ஸ்டிக்கர் பொட்டில் சிவப்பு ஒன்று, பச்சை ஒன்று. பாத்திரம் தேய்க்கிற பச்சை நாரில் பூவரச மரம். பச்சை லைனிங் துணியை விரித்து வயல். மஞ்சள் அட்டையில் ஊர்ப் பெயரை எழுதி நட்டபோது அவர் "சரி" என்றார். அந்தச் சரி நல்ல சரி. ஒன்பது மாதத்தில் எனக்குச் சரிகளில் வித்தியாசம் தெரிந்துவிட்டது.

சுவர்கள் உள்வாங்காமல் இருக்க, கட்டடத்துக்குள் செய்தித்தாளைக் கசக்கி நன்றாக அடைத்தேன். தலையணைக்குப் பஞ்சு அடைக்கிற மாதிரி. அடைத்து, மேலே கூரையை ஒட்டி மூடினேன். வெளியில் இருந்து பார்த்தால் அசல் ஸ்டேஷன். எனக்கே பெருமையாக இருந்தது, மகளுக்குப் படம் எடுத்து அனுப்பினேன்.

மறுநாள் காலையில் கூரை மேஜைக்குக் கீழே கிடந்தது. அவர் பிடுங்கியிருந்தார்.

அப்போது ஐப்பசி மழை பிடித்திருந்தது. கூரையை எடுத்துப் பார்த்தேன், நடுவில் தொய்ந்து, விளிம்பெல்லாம் பிசுபிசுவென்று இருந்தது. ஓ, இதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்தேன். தப்பு என் பேரில்தான். கடையில் எதற்குப் பசை வாங்குவது என்று வடித்த கஞ்சியில் ஒட்டியிருந்தேன். எங்கள் வீட்டில் உலையிலேயே கல்லுப்பைப் போட்டுத்தான் சோறு வடிப்பது. வேதாரண்யத்து உப்பு, மழைக்காலம் வந்தால் ஜாடிக்குள்ளேயே தண்ணீர் விட்டுக்கொள்ளும். அந்த உப்பெல்லாம் கஞ்சியோடு கூரைக்குப் போய் ஈரத்தை இழுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. உப்புப் போடாத வீட்டுக் கஞ்சியாக இருந்தால் இன்னும் நாலு நாள் நின்றிருக்கும்.

இரண்டாவது கூரைக்கு மைதா மாவில் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சினேன். சுவரொட்டி ஒட்டுகிறவர்கள் செய்வது போல. அது கல் மாதிரி நின்றது. அடுத்த நாள் அதையும் பிடுங்கினார். மூன்றாவதுக்குக் கடைப் பசையே வாங்கினேன். ஓட்டின் சரிவு போதவில்லையோ என்று சரிவைக் கூட்டினேன். தாழ்வாரத்துக்குத் தூண் விட்டுப் போயிற்றோ என்று நான்கு தூண் வைத்தேன். ஒரு வாரம் ரவிக்கை வேலையைத் தள்ளிப் போட்டுவிட்டு இதிலேயே உட்கார்ந்திருந்தேன். கல்யாண ரவிக்கை கொடுத்திருந்த ஒருத்தி வாசலில் நின்று கத்திவிட்டுப் போனாள்.

மூன்றாவது கூரையை என் கண் முன்னாலேயே பிய்த்தார். இடது கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, வலது கை விரல்களை இடுக்கில் கொடுத்து, மூச்சு வாங்க வாங்கப் பிய்த்தார். பிய்த்துப் போட்டுவிட்டு, நான் உள்ளே அடைத்திருந்த தாளையும் இழுத்து வெளியே எறிந்தார். எனக்கு வந்ததே கோபம்.

"நான் என்ன உங்க போர்ட்டரா? எத்தனை தடவை கூரை போடுறது? பிடிக்கலைன்னா என்ன பிடிக்கலைன்னு வாயைத் திறந்து சொல்லித் தொலைங்க!"

அவர் என்னைப் பார்த்தார். "சரி," என்றார். மிகவும் மெதுவாக.

பேச வராதவரிடம் வாயைத் திறந்து சொல்லு என்று கத்தியிருக்கிறேன். அது உறைத்தது. ஆனாலும் கோபம் போகவில்லை. உண்மையைச் சொன்னால், அன்றைக்கு எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. அந்த ஸ்டேஷனைப் பிடிக்கவில்லை. குளிப்பாட்டி, ஊட்டி, மருந்து கொடுத்து, ஒன்பது மாதம் ஒரு "இந்தா"வுக்குக் காத்திருந்தது போதும் என்று தோன்றியது. தாள்களைப் பொறுக்கக்கூட இல்லை. அப்படியே போட்டுவிட்டுத் தையல் மிஷினில் போய் உட்கார்ந்து அந்தக் கல்யாண ரவிக்கையை முடித்தேன்.

மறுநாள் காலையில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. வத்திப்பெட்டியைக் காணவில்லை, வேறொன்றை எடுத்துத்தான் அடுப்பு மூட்டியிருந்தேன். சோற்றை வடிக்கப் பானையைச் சாய்க்கப் போகிற நேரம், கூடத்தில் இருந்து குரல் வந்தது.

"லைன் கிளியர்."

சரியாகச் சொன்னால் "லைன் கிய்யர்" என்று குழறலாகத்தான் வந்தது. ஆனால் அதே குரல். அந்த மரியாதை, அந்தப் பொறுமை. பானையை அப்படியே இறக்கி வைத்துவிட்டு அடுக்களை வாசலுக்கு வந்தேன்.

கூரை இல்லாத ஸ்டேஷனுக்கு முன்னால் அவர் உட்கார்ந்திருந்தார். நான் அடைத்த தாள் ஒன்றுகூட உள்ளே இல்லை, சுத்தமாக எடுத்திருந்தார். ஸ்டேஷன் மாஸ்டர் அறையில், பின் ஜன்னலுக்குக் கீழே, ஒரு மருந்துப் பெட்டி மேஜையாகக் கிடந்தது. அதன் மேல் போனாக இருக்க வேண்டியதை எடுத்துக் காதில் வைத்திருந்தார். என் வத்திப்பெட்டி. வலது கை, பேனா பிடிக்கிற மாதிரி மடங்கி, மேஜையில் தயாராக இருந்தது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கூரையில் ஒரு குறையும் இல்லை. அவர் வருஷக்கணக்காக உட்கார்ந்திருந்த அறையை நான் பழைய பேப்பரால் அடைத்து மூடியிருக்கிறேன். உள்ளே என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது, தெரியாததால் ஒன்றும் இல்லை என்று வைத்துக்கொண்டேன். ஜன்னலும் குழாயும் மரமும் எனக்கு ஸ்டேஷன். அவருக்கு அந்தப் போன்தான் ஸ்டேஷன்.

முதலில் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. ஒன்பது மாதம் கழித்து முதல் வார்த்தை, அதுவும் அடுத்த ஸ்டேஷனுக்கா? நான் இங்கே கரண்டியோடு நின்றுகொண்டிருக்கிறேன், என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவர் காத்திருந்தார். வத்திப்பெட்டியில் பதில் வரவில்லை. "லைன் கிய்யர்," என்று மறுபடியும் கேட்டார். மறுபடியும் காத்திருந்தார். முகத்தில் ஒரு கலவரம் தெரிய ஆரம்பித்தது. பதில் வராவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். வண்டி நிற்கும். சிக்னல் இறங்காது.

அந்தப் பக்கம் என்ன சொல்வார்கள் என்று நான் கேட்டதே இல்லை. அந்தப் பதினோரு வருஷமும் என் காதில் விழுந்தது இவருடைய பக்கம் மட்டும்தான். ஆனால் இவர் திருப்பிச் சொல்வதை வைத்து அவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்று ஊகிக்கலாம். அடுக்களை வாசற்படியைத் தாண்டாமல், அங்கேயே நின்று, கொஞ்சம் குரலைத் தடிமனாக்கிக்கொண்டு சொன்னேன்:

"லைன் கிளியர் குடுத்தாச்சுங்க. நம்பர் நாப்பத்தேழு."

அவர் திரும்பவில்லை. மடங்கிய வலது கை மேஜையில் மெதுவாக ஏதோ கிறுக்கியது.

"நாப்பத்… ஏழு," என்றார். வத்திப்பெட்டியை அதன் இடத்தில் வைத்தார்.

அன்றைக்குச் சோறு குழைந்து களியாகிவிட்டது. இரண்டு பேரும் அதைத்தான் சாப்பிட்டோம்.

உடற்பயிற்சிப் பெண்ணிடம் சொன்னேன். எண்களும், பல வருஷம் சொல்லிச் சொல்லிப் பழகின வார்த்தைகளும் மூளையில் வேறு இடத்தில் பத்திரமாக இருக்குமாம், சில பேருக்கு அவைதான் முதலில் வருமாம். "ரொம்ப எதிர்பார்க்காதீங்கம்மா, ஆனா விடாம பண்ணுங்க," என்றாள். நான் எதிர்பார்க்கவில்லை என்று சொன்னேன். அது பொய்.

கூரையைப் பீரோ மேல் வைத்துவிட்டேன். கார்த்திகை பிறந்ததில் இருந்து தினம் காலையில், எட்டேகால் வண்டிக்கு, நான் அடுக்களையில் இருந்து நம்பர் கொடுக்கிறேன். நாற்பதுகளில் சொன்னால் தடுமாறுகிறார், அறுபதுகள் சுலபமாக வருகின்றன. "இந்தா" இன்னும் வரவில்லை.

நேற்று மழை விட்டு வெயில் தலைகாட்டியது. இரண்டு நாள் துணி ஈரத்தோடு கிடந்ததால் அவசரமாக மாடிக்குப் போய்க் காயப் போட்டேன். எதிர்வீட்டு அம்மாள் பேச்சுக் கொடுத்தாள், நின்றுவிட்டேன். கீழே வந்து பார்த்தால் அவர் வத்திப்பெட்டியைக் காதில் வைத்தபடி உட்கார்ந்திருக்கிறார். மணி எட்டு நாற்பது. கையை இன்னும் இறக்கவில்லை. நான் ஓடிப் போய் அடுக்களை வாசற்படியில் நின்று, "நம்பர் அறுபத்திரெண்டு," என்றேன்.

"அறுபத்தி… ரெண்டு," என்றார். வத்திப்பெட்டியை வைத்தார். பிறகு நாற்காலியில் மெதுவாகத் திரும்பி, நேராக என் முகத்தைப் பார்த்தார்.

"லேட்டு," என்றார்.

"வீட்டுல ஒருத்தி எத்தனை வேலையைத்தான் பார்ப்பா? துணி காய வேண்டாமா?" என்று நானும் பதிலுக்குச் சண்டைக்குப் போனேன்.